சாயங்கால மாத்திரை

...இதை முன்னாடியே யாரும் சொல்லலையாம்மா என்று கேட்கிறாரே டாக்டர், யாரும் என்றால் யார், எட்டு வருஷமாக மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டது இவர்தானே, பக்கத்து வீட்டுக்காரரா வந்து போட்டார்? அவள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது, மாத்திரை அட்டை மட்டும் புருஷனின் சட்டைப் பைக்குள். மத்தியானம்தான் தெரிந்தது, அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையின் கழிவறையில், பரிசோதனைக் குச்சியில் இரண்டு கோடு... சந்தோஷத்தில் டாக்டருக்குப் போன் போட்டால், மனுஷர் வாழ்த்துகூடச் சொல்லாமல் வலிப்புக்கு அதே மாத்திரைதானா என்றார், அதேதான் என்றதும், அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரை என்றார், பிள்ளை ஆசை வந்தபோதே மாற்றியிருக்க வேண்டுமாம். நல்லா இருக்கிறதே நியாயம்! அந்த ஆசையை முதலில் யாரிடம் சொன்னாள்? இவரிடம்தானே, நல்லதும்மா நல்லதும்மா என்று தலையை ஆட்டிவிட்டு அதே மாத்திரையைத்தானே எழுதிக் கொடுத்தார்...

ஆனாலும் ஒன்றை மட்டும் தெளிவாகச் சொன்னார், "பயந்துபோய்ப் பட்டுனு நிறுத்திடாதீங்கம்மா, நீங்க விழுந்தா ரெண்டு பேருக்கும் ஆபத்து, காலையில வாங்க, கொஞ்சம் கொஞ்சமா வேற மருந்துக்கு மாத்தலாம், அதுவரைக்கும் ஒரு வேளைகூட விடக்கூடாது." இந்த வீட்டில் அது யார் காதில் ஏறியது? ஆகாத மாத்திரை என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் ஏறியிருக்கிறது. நாத்தனார் வேறு, செய்தி கேட்ட கையோடு ஓடி வந்து கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "விஷம்னு தெரிஞ்சும் யாராச்சும் முழுங்குவாங்களா? அதான் மூணு வருஷமா வலிப்பே வரலையே" என்கிறாள். அடேயப்பா, என்ன கண்டுபிடிப்பு! கடைக்கும் இப்படி ஆட்கள் வருவார்கள், கண்ணாடி போட்டதும் நல்லாத் தெரியுது, இனிமே கண்ணாடி எதுக்குங்க என்று. வரவில்லை என்றால் மாத்திரை பிடித்து வைத்திருக்கிறது என்றல்லவா அர்த்தம்? கல்யாணத்தின்போது இப்படித்தான், வந்தவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்று அம்மா மாத்திரையை எடுத்து ஒளித்து வைத்தாள், இரண்டே நாள், கண் விழித்தபோது இவள் தரையில் கிடந்தாள், நாக்கு கிழிந்து வாயெல்லாம் ரத்தம், தோள்மூட்டு நழுவியிருந்தது... தலைமாட்டில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதது இதே புருஷன்தான். அழுதவர் மறந்துவிட்டார், விழுந்தவள் மறப்பாளா?

"குடுங்க." புருஷன் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "குழந்தைக்காகத்தானே சொல்றேன், இன்னைக்கு ஒரு வேளைதான..." குழந்தை, குழந்தை, மத்தியானத்திலிருந்து ஒருத்தராவது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார்களா, அதைச் சுமக்கிறவள் என்ன பையா, கூடையா? "விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்துதாங்க விழுவோம், டாக்டர் சொன்னதை அப்படியே உங்ககிட்டச் சொன்னேன்ல? குடுங்க!" இவ்வளவு சத்தமாக அவள் அந்த வீட்டில் பேசியதே இல்லை. அட்டை வெளியே வந்தது. கூடத்திலிருந்து, "இவளும் ஒரு தாயா" என்று ஒரு முணுமுணுப்பு, சொல்லட்டும், அந்த வாயை யார் மூடுவது, அவள் மாத்திரையைப் பிதுக்கி நாக்கில் வைத்தாள், தண்ணீரை ஊற்றிக்கொண்டாள். ரெண்டு பேருக்கும் ஆபத்து என்றது பொய் இல்லை, ஆனால் விழுங்கும்போது கண்முன் வந்தது அந்தத் தரையும் அந்த ரத்தமும்தானே, ஐயோ எனக்கு மறுபடி வரக்கூடாது, எனக்கு, எனக்கு என்றுதானே மனசு அடித்துக்கொண்டது... அப்படியென்றால் தனக்காகத்தான் விழுங்கினாளா? விழுங்கினால் தப்பா? டம்ளரைக் கீழே வைத்தாள். குழந்தையின் ஞாபகம், மாத்திரை தொண்டையைத் தாண்டிய பிறகுதான் வந்தது.