மூன்றாவது தலை

கம்பெனி டாக்டரின் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சு ஆடியது. அதன் ஒரு கால் குட்டை. கிரேன் எழுந்து, கீழே கிடந்த அட்டைத் துண்டை இடது கையாலேயே மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் வருஷக்கணக்காகச் சாமான் தூக்குகிறவன். ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியாது. பிரிட்ஜைத் தனியாளாக முதுகில் ஏற்றி மாடிக்குக் கொண்டு போவதால் கூட வேலை பார்க்கிறவர்கள் வைத்த பெயர்தான் கிரேன். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"கொஞ்சம் சும்மா உக்காருங்க," என்றாள் அவள். "உள்ள போய் என்ன பண்ணணும்னு சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

"முடியலன்னு சொல்லணும்."

"சொன்னா மட்டும் போதாது. எதையாவது தூக்கச் சொல்லுவாங்க. தூக்கக் கூடாது. கீழ விட்டுடணும்."

"நிஜமாவே முடியலதானே. நடிக்கவா போறேன்?"

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

இரண்டு வாரத்துக்கு முன்னால் வாஷிங் மெஷினை மாடியில் ஏற்றும்போது கீழே பிடித்திருந்தவனுக்குக் கால் வழுக்கியது. மொத்தக் கனமும் கிரேனின் வலது கைக்கு வந்தது. டப்பென்று ஒரு சத்தம். தெருவில் நின்ற டிரைவர் கயிறு அறுந்துவிட்டது என்றே நினைத்தார். கயிறு நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் முழங்கைக்கு மேலே இருந்த சதை தோள் பக்கமாக ஏறிப் பந்து போலத் திரண்டிருந்தது. விவரம் தெரியாதவர்கள் பார்த்தால் கை முன்னைவிடப் பலமாகிவிட்டது என்றுதான் சொல்வார்கள். டிரைவரும் சொன்னார். "என்னப்பா, லீவு போட்டுட்டு ஜிம்முக்கா போற?"

ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். முழங்கைக்குக் கீழே எலும்பில் ஒட்டியிருக்கிற தசைநாண் அறுந்துவிட்டது, சதை மேலே சுருண்டு போய்விட்டது. ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது. அந்தத் தசை மேலே எலும்பில் தொடங்குகிற முனைக்குத் தலை என்று பெயராம்; எல்லோருக்கும் இரண்டு தலை, இவனுக்குப் பிறவியிலேயே மூன்று. சிலருக்கு அப்படி இருக்குமாம், அதனால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லையாம்.

"ஒரு தலை வலிச்சாலே மாத்திரை வாங்க யோசிக்கிறோம். இவருக்குக் கைக்குள்ள மூணு தலையா?" என்றாள் மனைவி. தையல் யூனிட்டில் காஜா எடுக்கிறவள். சதை மேலே சுருண்டு போனது மட்டும் அவளுக்குச் சட்டென்று புரிந்தது. "பாவாடை நாடா உள்ள ஓடிப் போயிடுமே, அந்த மாதிரியா டாக்டர்?"

"அதேதான். சீக்கிரம் இழுத்துத் தைச்சிடணும். ரெண்டு வாரம், மிஞ்சிப் போனா மூணு. அப்புறம் சுருங்கி அங்கேயே ஒட்டிக்கும். இழுத்தாலும் வராது."

ஆபரேஷன் செலவைக் கம்பெனிதான் தரவேண்டும். தங்கள் டாக்டர் ஒரு தடவை பார்க்கட்டும் என்றது கம்பெனி. அந்த ஒரு தடவைக்கு நாள் கிடைப்பதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது.

உள்ளே கம்பெனி டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஜன்னல் ஓரம் மேனேஜர் நின்றிருந்தார். தரையில் இரும்புத் தகடுகள் அடுக்கிய ஒரு பெட்டி.

"அதைத் தூக்கி மேசை மேல வைங்க," என்றார் டாக்டர்.

"பாத்துப்பா," என்றார் மேனேஜர். "முடியலன்னா விட்டுடு. கிரேன்ங்கறதெல்லாம் ஒரு காலம். வயசாகுதில்ல?"

என்ன செய்கிறோம் என்று நினைப்பதற்குள் கிரேனின் முட்டி மடங்கிவிட்டது. பெட்டியை நெஞ்சோடு அணைத்து, தொடையால் உந்தி எழுந்தான். மேசை மேல் சத்தமே வராமல் இறக்கினான். போதாததற்குப் பெட்டியின் மூலையை மேசை ஓரத்துக்கு நேராகத் திருத்தியும் வைத்தான். அதற்குப் பிறகுதான் வலி வந்தது. மனைவி சொன்னதும் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

"நல்லாத்தானே இருக்கு," என்றார் டாக்டர். "எக்ஸ்ட்ராவா ஒரு தலை இருக்கே, அது ஈடு கட்டுது."

"சார், அதுவும் சேர்ந்துதான் சார் அறுந்துருக்கு. இது தொடையாலயும் முதுகாலயும் தூக்கினது. கையைத் திருப்ப முடியல சார். சாவியத் திருப்ப முடியல, ஸ்குரூ முடுக்க முடியல."

"உங்க வேலை தூக்குறதுதானே?"

"கட்டில், பீரோ எல்லாம் கழட்டி மாட்டணும் சார்."

"அதுக்கு வேற ஆள் அனுப்பிக்கலாம்," என்றார் மேனேஜர். டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

வெளியே வந்தவனின் முகத்தைப் பார்த்து மனைவி எழுந்தாள்.

"எதையும் கீழ போட்ட சத்தமே கேக்கல. தூக்கிட்டீங்களா?"

"தூக்குன்னாங்க."

"சொன்னா?"

"கை தானா போயிடுச்சு."

"போனதே அந்தக் கைதானே!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு தடவை கீழ போட்டிருந்தா என்ன? அப்படி யார்கிட்ட பேர் வாங்கப் போறீங்க?"

 தன் மேலேயே அவனுக்கு அப்படியொரு ஆத்திரம். வேலை செய்யலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை மாற்ற முடியாது என்றது கம்பெனி. மறுபடி பார்க்க வேண்டுமானால் மறுபடி நாள் வாங்க வேண்டும், அதற்கு ஒரு மாதம் ஆகும் என்றார்கள்.

திங்கள்கிழமை அவன் வேலைக்குப் போனான். மூன்றாவது மாடியில் ஒரு வீடு. லிஃப்ட் இல்லை. சாமான் எல்லாம் ஏறிவிட்டது. கட்டில் மட்டும் பிரித்தபடி கிடந்தது. வருவதாகச் சொன்ன வேறு ஆள் வரவில்லை. மேனேஜருக்குப் போன் செய்தான். "இன்னைக்கு மட்டும் சமாளிப்பா," என்றார்.

இடது கையில் ஸ்குரூ டிரைவர் நழுவிக்கொண்டே இருந்தது. வலது கைக்கு மாற்றி, முழங்கையை இடுப்போடு ஒட்டவைத்து, கையைத் திருப்புவதற்குப் பதிலாக உடம்பையே திருப்பினான். ஸ்குரூ கால் சுற்று போனது. ஸ்குரூ டிரைவரை எடுத்து, உடம்பை நேராக்கி, மறுபடி திருப்பினான். சட்டைக்குள் அந்தப் பந்து மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

வீட்டுக்காரர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர். காலையிலிருந்து லேப்டாப் பையைத் தவிர எதையும் தூக்கவில்லை.

"இவ்ளோ பெரிய கையை வச்சுக்கிட்டு ஒரு ஸ்குரூ போட இவ்ளோ நேரமா? குடுங்க இப்படி."

அவர் குனிந்து முடுக்கினார். பேசிக்கொண்டே நாலு சுற்று சுற்றினார். ஸ்குரூ மரத்துக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"அவ்ளோதாங்க," என்று கையைத் தட்டிக்கொண்டார். "இதை நானே பாத்துக்கறேன். நீங்க அந்த பீரோவைத் தூக்கி ஜன்னல் பக்கம் வச்சிடுங்க."

கிரேன் பீரோவின் முன்னால் போய் நின்று முட்டியை மடக்கினான்.