ஆவாரங்குளத்துச் சூசை

என் காப்பிக்கடை பினாங்கில், சூலியா தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இருக்கிறது. மூன்று பெஞ்சு, ஒரு அடுப்பு, அவ்வளவுதான். நான்காவது பெஞ்சு போட்டால் நான் தெருவில் நின்றுதான் காப்பி ஆற்ற வேண்டும். அப்படிப்பட்ட கடையில் சனிக்கிழமை சாயங்காலமானால் உட்கார இடம் கிடைக்காது. சீனி முகம்மது போடுகிற காப்பிக்குத்தான் இந்தக் கூட்டம் என்று வெகுகாலம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். சின்னையா காய்ச்சலில் படுத்த வாரம் கடையில் ஈ ஓட்டியபோதுதான் என் காப்பியின் லட்சணம் எனக்கே தெரிந்தது.

சின்னையா துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன். கையில் ஒரு கஞ்சிராவோடு வந்து அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு தெம்மாங்கு பாடுவான். நாலைந்து பாட்டு முடிந்ததும் கடைசிச் சுற்று வரும். அதற்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். பெஞ்சு பெஞ்சாகப் போய் ஒவ்வொருவரிடமும் பேரையும் ஊரையும் கேட்பான். கேட்ட கையோடு அந்தப் பேரையும் ஊரையும் வைத்து நாலு வரி கட்டிப் பாடுவான். வாரமெல்லாம் அரிசி மூட்டை தூக்கிய ஆட்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். கேட்டால் அடுப்புப் புகை என்பார்கள். இதனால் என் அடுப்புக்குக் கெட்ட பேர்.

கடைக்காரன் என்பதால் முதல் பாட்டு எனக்கு.

"பாய், தொண்டிக்கு எப்போ?" என்பான் சின்னையா.

"அடுத்த கப்பல்லதான்" என்பேன். வருஷக்கணக்காக அதே பதில்தான். ஆனாலும் அவன் என் ஊரைப் பாடும்போது அது உண்மை மாதிரியே இருக்கும்.

சூசை எப்போதும் வாசல் பக்கத்துப் பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருவான். துறைமுகக் கிடங்கில் கிழிந்த சாக்கு தைக்கிற வேலை. பிறந்தது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். விஷக்காய்ச்சலில் அப்பனும் ஆத்தாளும் ஒன்றாகப் போய்விட, கைக்குழந்தையைப் பாதிரியார் இங்கே தூக்கிவந்து கோயில் அநாதை இல்லத்தில் வளர்த்தார். பெற்றவர்கள் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார்கள் என்று கேட்டுவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

முதல் தடவை சின்னையா அவனிடம் ஊரைக் கேட்டபோது, "பினாங்கு" என்றான். கடை முழுக்கச் சிரித்தது.

சின்னையா சிரிக்கவில்லை. "பினாங்கு எல்லாரும் வந்த ஊரு தம்பி. போற ஊரைச் சொல்லு."

"போறதுக்கு ஊரு இல்லண்ணே."

கஞ்சிரா அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டது. சின்னையாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊர் இல்லாமல் அவனுக்குப் பாட்டு எழும்பாது. அதற்கப்புறம் வாராவாரம் சூசை வருவான். கடைசிச் சுற்று தன் பக்கம் வரும்போது காலை ஒடுக்கி வழிவிடுவான். காலியான கோப்பையை வாயில் வைத்துக் குடிக்கிற மாதிரி இருப்பான். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும். பினாங்கில் வேறு காப்பிக்கடையா இல்லை? இங்கேயே வந்து ஏன் இப்படிக் குறுகி உட்கார வேண்டும்? திட்டிக்கொண்டே இன்னொரு காப்பியைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைப்பேன்.

ஒரு சனிக்கிழமை, கஞ்சிரா தாண்டிப் போகும் நேரத்தில், "ஆவாரங்குளம்" என்றான்.

"என்ன?"

"என் ஊரு. ஆவாரங்குளம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுக்கு மல்லிக் காப்பிக்கு அந்த வாரம் நான் வாங்கிய மல்லி மூட்டையில் அதே பேர் கறுப்பு மையில் எழுதியிருந்தது. கிடங்கில் அந்தச் சாக்குகளைத் தைத்தவன் இவன்தான். நான் வாயைத் திறக்கவில்லை. சின்னையா கஞ்சிராவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாடினான்.

ஆவாரங் குளத்தோரம்
அணையாத வெளக்கெரிய
யாருக்காகக் காத்திருக்கு – சூசையண்ணே
அந்த வீட்டு வாசக்கதவு

சூசை தலையைக் குனியவில்லை. பாடுகிற வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியொரு சந்தோஷத்தை நான் ஒரு மனுஷன் முகத்தில் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் மூலைப் பெஞ்சிலிருந்து ஒருவன் கோப்பையைத் தட்டிவிட்டு எழுந்தான். "யாருய்யா அது ஆவாரங்குளம்?"

நவமணி என்று பேர். ஜெலுத்தோங்கில் மாட்டு வண்டிச் சக்கரம் செய்கிறவன். அன்றுதான் முதல் தடவையாக என் கடைக்கு வந்திருந்தான். மீசை முளைக்காத வயதில் கப்பலேறியவன், இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. இத்தனை காலத்தில் சொந்த ஊர்க்காரன் ஒருத்தனைக்கூட இந்தத் தீவில் பார்த்ததில்லையாம். சூசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். சூசை மரம் மாதிரி நின்றான்.

"நம்ம வேதக்கோயில் புள்ளையா? எந்தத் தெரு?"

"கொளத்தங்கரை. சின்னதுலயே வந்துட்டேன், அவ்வளவா ஞாபகம் இல்லண்ணே."

"நான் சொல்றேன் ஒனக்கு" என்று நவமணி உட்கார்ந்தவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அடுத்த வாரமும் சொன்னான். கோயில் மணியில் விழுந்த விரிசல், குளத்தில் இறங்கினால் காலை வழுக்கும் மூன்றாம் படி, ஆவாரம்பூ பறிக்கப் போய்ப் பாம்பைக் கண்டு ஓடியது. சூசை வாயைப் பிளந்து கேட்பான். இரண்டு மாதம் போனால் சூசையே புது ஆட்களுக்குச் சொல்கிறான், "எங்க ஊரு கோயில் மணி இருக்கே, விரிசல் விழுந்த மணி, அது அடிச்சா இருமுற மாதிரி இருக்கும்" என்று. நவமணி பக்கத்தில் இருந்து "ஆமா, ஆமா" என்பான். கேட்டுக்கொண்டே காப்பி ஆற்றும்போது எனக்கே அந்த ஊருக்குப் போய்வந்த மாதிரி ஆகிவிட்டது.

பிறகு நவமணி ஊருக்குக் கிளம்பினான். அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களில் ஒருத்தன் கப்பலேறினால் ஊர்க்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குச் சாமான் கொடுத்தனுப்புவார்கள். வாங்காமல் போகிறவன் மனுஷனே இல்லை. நவமணியும் வந்து சூசை முன்னால் கையை நீட்டினான்.

"ஒங்க வீட்டுக்கு என்ன குடுக்குற? யார்கிட்ட குடுக்கணும்?"

சூசையின் முகம் வெளுத்துவிட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மறுநாள் ஒரு பூப்போட்ட கைலியைக் கொண்டுவந்து கொடுத்தான், நல்ல உசத்திக் கைலி. "அக்காவுக்கு. அன்னமேரின்னு பேரு. கடைசி வீடு."

நவமணி போனபிறகு சூசை பாட்டுக்கு வந்தான், ஆனால் கேட்கவில்லை. ஒவ்வொரு கப்பலும் அவனுக்கு எமன்தான். திரும்பி வந்ததும் நவமணி கடை நடுவில் நின்று, இவனுக்கு ஊரும் இல்லை ஒரு மண்ணும் இல்லை என்று சொல்லிவிட்டால்? அந்த நாலு வரியும் போய்விடும். அது போனால் அவனிடம் வேறு என்ன இருக்கிறது?

நவமணி ஒரு சனிக்கிழமை வந்தான். சூசை இருந்த பெஞ்சுக்கு வரவில்லை. மூலைப் பெஞ்சில் உட்கார்ந்தான். கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். சூசை அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கடைசிச் சுற்று தொடங்கியது. சின்னையா வாசல் பெஞ்சுக்கு வந்து "ஆவாரங்" என்று இழுத்ததுமே சூசை கையைத் தூக்கித் தடுத்தான்.

"வேணாண்ணே. என்னை விட்டுடுங்க."

நவமணி எழுந்து வந்தான். ஒரு பனையோலைக் கொட்டானைச் சூசையின் மடியில் வைத்தான். உள்ளே கருப்பட்டி.

"ஒங்க அக்கா குடுத்துச்சு. கைலி ரொம்பப் புடிச்சுப்போச்சாம். நேரத்துக்குச் சாப்புடுறியான்னு கேட்டுச்சு."

சூசை அவனையே பார்த்தான். "அண்ணே, எனக்கு..."

"பாட்டைக் கேளுலா" என்று அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தான் நவமணி. "நீங்க பாடுங்க சின்னையாண்ணே."

சின்னையா பாடினான். சூசை கொட்டானைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். யாரும் புகையைக் குறை சொல்லவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. நவமணி கைகழுவப் பின்பக்கம் வந்தபோது பிடித்துக்கொண்டேன். "நெசமாவே அக்கா ஒண்ணு இருக்கா?"

"கைலிய நாகப்பட்டணத்துல கருப்பட்டி வித்த பொம்பளைக்குக் குடுத்துட்டேன் பாய். நல்ல பொம்பள, கொட்டான் நெறையக் குடுத்துச்சு."

"அப்ப ஒனக்குத் தெரியும்."

அவன் வெகுநேரம் கையையே கழுவிக்கொண்டிருந்தான். "அம்மா நான் போறதுக்கு முன்னாடியே போயிருச்சு. வீடு விழுந்து கெடக்கு. கொளத்தை மண்ணு போட்டுத் தூத்து எவனோ சோளம் போட்டிருக்கான். கோயில்ல புது மணி. பங்குச் சாமியார்கிட்டப் போயி, சூசைன்னு ஒருத்தன், அன்னமேரின்னு ஒரு அக்கா, தெரியுமான்னு கேட்டேன். அப்படி யாரும் இல்லைன்னாரு. அப்புறம் என் பேரைக் கேட்டாரு. சொன்னேன். அப்படியும் யாரும் இல்லைன்னாரு."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "அந்த விரிசல் மணியும் மூணாம் படியும் இப்ப என்னைத் தவிர ஒருத்தனுக்குத்தான் தெரியும் பாய். அவனை நான் எப்படி ஊர்க்காரன் இல்லைன்னு சொல்றது?"

முன்பக்கம் போய்ச் சூசைக்கு அருகில் உட்கார்ந்துகொண்டான். இரண்டு பேருக்கும் காப்பி வைத்தேன்.

அடுத்த வாரம் சின்னையா வழக்கம்போல என்னிடம்தான் முதலில் வந்தான். "பாய், தொண்டிக்கு எப்போ?"

பால் பொங்குகிறது என்று சொல்லி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.