வெளியே சுத்தம்

1
இந்தக் கதை அக்காவின் சோதனைக்கூடத்தில் பிறந்தது. கிருமிகள் வெள்ளையணுக்களுக்குள் எப்படிப் பிழைக்கின்றன என்று பார்ப்பது அவள் வேலை. முதல் வரி இப்படி வந்தது: 'என்னை விழுங்கியவன் வயிற்றில் விளக்கை அணைத்துவிட்டு நான்…'

அக்கா படித்துப் பார்த்தாள். "கிருமி யோசிக்காதுடா. வெள்ளையணு அதை முழுங்கி அமிலம் ஊத்தும். மாறத் தெரிஞ்சது மிஞ்சும், மத்தது சாகும். மிஞ்சினது அந்த அணுவோட இரும்புச்சத்தைத் திருடித் தின்னுட்டு, வளராமக் கிடக்கும். இதுல விளக்கு எங்க வந்துச்சு?"

(வரியை முடிக்கவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

2
கதைக்கு மனிதர் வேண்டும். மாமா இருக்கிறார். அக்காவின் கணவர், லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் மாற்றினார்கள். கொடுத்தது அக்கா. உடம்பு அதைத் தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தினமும். மற்றவர்களை ஒன்றும் செய்யாத ஒரு கிருமி அந்தச் சந்தில் நுழைந்தது. காய்ச்சல், மருந்து, பிறகு ரத்தத்தில் கிருமி இல்லை என்ற முடிவு. கிருமிக்கான மருந்தை நிறுத்தலாமா என்று டாக்டர் கேட்டபோது முதலில் தலையாட்டியவள் அக்கா.

3
(கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) சோதனைக்கூடத் தட்டில், கிருமிகளை விழுங்கிய வெள்ளையணுக்கள்மீது அக்கா மருந்து ஊற்றுவாள். வெளியே இருக்கும் கிருமிகள் சாகும். அந்த மருந்து உள்ளே போகாது. பிறகு அணுக்களை உடைப்பாள். உள்ளிருந்தவை உயிரோடு வரும். உடைக்காமல் எண்ண வழியில்லை. வெளியே சுத்தம் என்பதை நம்பாதே என்று புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாளே சொல்பவள், வீட்டில் மட்டும் நம்பிவிட்டாள்.

4
காய்ச்சல் திரும்பிவிட்டது. கிருமிக்கான மருந்தை மறுபடி தொடங்கியும் இறங்கவில்லை. அடக்கும் மாத்திரையைப் பாதியாக்கினால் உடம்பு கிருமியோடு மோதும், அக்காவின் சிறுநீரகத்தோடும் மோதலாம் என்கிறார் டாக்டர். குறைக்காவிட்டால் கிருமி ஜெயிக்கலாம்.

"உள்ள மாட்டினவங்களை வெளிய எடுக்கறதுதான் மச்சான் என் பொழப்பு," என்றார் மாமா. "இது வரமாட்டேங்குது." பிறகு சுவரைப் பார்த்தபடி, "அவ குடுத்ததை நான் தொலைக்கமாட்டேன். குறைக்க வேணாம்."

"போனா போகட்டும்," என்றாள் அக்கா. "நீங்க இருக்கணும்னு குடுத்தேன். அது இருக்கணும்னு இல்ல."

5
முடிவு ஒன்று: மாத்திரை குறைகிறது, சிறுநீரகமும் தப்புகிறது, மாமா வேலைக்குத் திரும்பி… (அக்கா சிரிப்பாள்.)

முடிவு இரண்டு: எழுதினேன். கிழித்துவிட்டேன்.

அக்கா மாத்திரையைப் பாதியாக உடைத்து உள்ளங்கையில் நீட்டியிருக்கிறாள். மாமா வாய் திறக்கவில்லை. அவருக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வரி உங்களுடையது. அதிகம் யோசிக்காதீர்கள், அவளுக்குக் கை வலிக்கத் தொடங்கிவிட்டது.