நாலாவது அடி

எல்லாரும் சௌக்கியமா கண்ணுங்களா, இந்தக் குளிருக்கு முட்டிவலி, இருமல் ஒண்ணும் படுத்தலையே, டீயைப் பக்கத்துல வெச்சுக்கிட்டீங்களா… சரி கேளுங்க, நான் ஒரு தடவைகூடக் கத்தலையே, இந்தப் பையன் எதுக்கு இப்படித் தொண்டை கிழியக் கத்துறான், அப்படித்தான் சாகின் நினைச்சுக்கிட்டு உக்காந்திருந்தான், கேமராவுக்குப் பக்கத்துல போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில, கம்பளிக் குல்லாவைக் கழட்டி மடியில வெச்சுக்கிட்டு. எதிர்ல கடைக்குள்ள அஸ்ரத் நிக்கிறான், எங்க தலைநகரம் பிஷ்கெக் பூரா போஸ்டர்ல சிரிக்கிறானே அந்த நடிகன், இன்னைக்கு அவன்தான் சாகின், இருபது வருஷத்துக்கு முந்தின சாகின், கையில விலங்கு, கன்னத்துல காயம் மாதிரி சிவப்பு மை, சுத்தி போலீஸ் வேஷம் போட்ட நாலு பேரு, தரையில துணிப் பொம்மை ஒண்ணு பொம்பளைங்க மாதிரி தலையில துண்டு கட்டிக்கிட்டுக் கிடக்கு, "நான் கொல்லலை! அல்லா சத்தியமா நான் கொல்லலை!"ன்னு அஸ்ரத் அலறி ரப்பர் கம்பியைச் செவுத்துல விட்டெறியறான், விளக்குப் பிடிக்கிற பொண்ணு மூக்கை உறிஞ்சுறா… எதுக்கும்மா அழுவுற, இது நடக்கவே இல்லையே, நடந்ததுக்கு ஒருத்தரும் அழலை, நடக்காததுக்கு அழுவுறீங்க.

நடந்தது என்னன்னா, கடைக்கார கலீச்சா அக்காவை யாரோ கம்பியால அடிச்சுக் கொன்னுட்டாங்க, இதே கடையில, இதே மாவு மூட்டைக்குப் பக்கத்துல, முந்தின நாள் சாயங்காலம் தன்னோட வேன்ல மாவு கொண்டாந்து இறக்கினவன் சாகின், கடைசியா அவனைத்தான் பாத்தோம்னு தெருவே சொல்லுச்சு, மறுநாள் விடியக்காலம் அவனை இழுத்துட்டுப் போனாங்க, பதினோரு வருஷம் உள்ள இருந்தான், அப்புறம் வேற எங்கேயோ வேற ஒரு கொலைக்கு மாட்டினவன் இதையும் நான்தான் பண்ணேன்னு வாய் விட்டான், ஒரு தாளை நீட்டி இவனைப் போன்னுட்டாங்க. படத்துல கோர்ட்டு பூரா எழுந்து கை தட்டுதாம், மழை வேற கொட்டுதாம், இவன் வெளியே வந்த அன்னைக்கு வாசல்ல காவக்காரன் ஒருத்தன் "சிகரெட் இருக்கா?"ன்னு கேட்டான், இல்லைன்னதும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டான், அவ்வளவுதான் விடுதலை… அப்புறம் ஒன்பது வருஷமா இதே டவுன்ல இருக்கான், கல்யாணம் காரியத்துக்குக் கூப்பிடுவாங்க, போனா தட்டு வெப்பாங்க, ஆனா பக்கத்துல உக்கார மாட்டாங்க, ஏன்னா மைராம் இன்னும் சொல்லலையே, அவ வாயால "இவன் இல்லை"ன்னு வரலையே.

மைராம் அந்தா நிக்கிறா, மாவு மூட்டையில சாஞ்சுக்கிட்டு, கை ரெண்டையும் கட்டிக்கிட்டு. கலீச்சாவோட மக, அம்மா செத்தப்ப ஒன்பது வயசு, இப்போ கடை அவளோடது. படக்காரங்க கடையைக் கேட்டப்ப ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டா, அந்தப் பொம்மை சீனை எடுக்கிற அன்னைக்கு நானும் இருப்பேன், அந்த ஆளும் என் கண்ணு முன்னால இருக்கணும், பேப்பர் ஆயிரம் சொல்லட்டும், நான் டேப்பைப் பாத்தவ, டிவியில போட்டாங்க, சித்தி ஓடிவந்து என் கண்ணைப் பொத்துறதுக்குள்ள பாத்துட்டேன், இவன் எங்கம்மாவை அடிச்சதை நான் பாத்தேன், மறுபடி ஒருக்கா பாத்துட்டு என் முடிவைச் சொல்றேன்… அதுக்குத்தான் சாகின் வந்தான், படத்துக்கா வந்தான், படம் கிடக்கு, அந்த ஒரு வார்த்தைக்காக வந்தான், அது கிடைச்சா செத்தாலும் பரவால்லைன்னு ராத்திரியெல்லாம் புரண்டு படுத்துட்டு வந்தான். ஒரு பொண்ணோட வாய்ல இருக்கு அவன் உசுரு, அந்த வாய் இறுக்கி மூடிக்கிட்டு நிக்குது.

எங்க பக்கம் போலீஸுக்கு ஒரு வழக்கம் உண்டு, பழைய காலத்துலேருந்தே, ஒருத்தன் ஒத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டாப் பத்தாது, கொலை நடந்த இடத்துக்கே கூட்டிட்டுப் போய், பொம்மையைக் கிடத்தி, எப்படிப் பண்ணேன்னு அவனையே செஞ்சு காட்டச் சொல்லி வீடியோ எடுப்பாங்க, மைராம் டிவியில பாத்த டேப்பு அதுதான், தெருவுல போற ரெண்டு பேரைப் பிடிச்சு சாட்சிக்கு நிறுத்துவாங்க. அன்னைக்குச் சாட்சியில ஒருத்தன் தர்பூசணி விக்கிறவன், வண்டியை வெயில்ல விட்டுட்டு வந்தேன் சீக்கிரம் முடிங்கன்னு முணுமுணுத்துக்கிட்டே நின்னான்… அவனுக்கு என்ன, அவன் பழம் வெடிச்சிடும். செய்யாதவன் எப்படிச் செஞ்சு காட்டுவான்னு கேப்பீங்க, கத்துக்கொடுத்தா காட்டுவான். ஸ்டேஷன் பின்னால வண்டி நிறுத்துற கொட்டகை, குபாத்துன்னு ஒரு விசாரணை அதிகாரி, பழைய கோட்டைச் சுருட்டிக் கயிறு கட்டி "இதான் கலீச்சா, எங்க அடிச்சே?" சாகினுக்கு எப்படித் தெரியும், தலையிலயா சார்னான், தப்பு. விஷப்புகைக்குப் போடுற ரப்பர் முகமூடியை மாட்டி மூச்சுக் குழாயை மடக்கிப் பிடிப்பாங்க, கண்ணு ரெண்டும் வெளிய தள்ளும், தொண்டைக்குள்ள நெருப்பு ஓடும், மூத்திரம் தன்னால போகும், அப்புறம் விடுவாங்க, "எங்க அடிச்சே?" இடது காதுக்கு மேல சார். "ஹாங்." தண்ணி நிரப்பின பாட்டிலால பாதத்துல அடி விழும், முதுகுல இடுப்புக்கு மேல விழும், தோல்ல ஒரு தடம் இருக்காது, ஆனா ஒண்ணுக்குப் போனா ரத்தம். குபாத் ஓரமா உக்காந்து அவிச்ச முட்டை உரிச்சுத் தின்னுக்கிட்டே இருப்பான், உப்பு தொட்டு, அவசரமே இல்லாம.

ஆனா ஒண்ணு இருக்கு, அதைச் சாகின் எவன்கிட்டயும் சொல்லலை, வக்கீல்கிட்ட, படக்காரங்ககிட்ட, ஒருத்தர்கிட்டயும்… ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, ஒத்திகையில அவனே சொன்னான், "சார், ரெண்டாவது அடி இங்க விழணும்னா அவங்க கதவுப் பக்கம் திரும்பியிருக்கணுமில்ல?" குபாத் மெல்லுறதை நிறுத்தி அவனைப் பாத்தான், பிணத்தை அறுத்துப் பாத்த டாக்டர் எழுதின தாளைப் பாத்தான், "அட, ஆமாண்டா! புத்திசாலிப் பயலே!"ன்னு தலையில தட்டி ஒரு சிகரெட் கொடுத்தான். அந்த நிமிஷம் சாகினுக்குச் சந்தோஷமா இருந்துச்சு. சந்தோஷம்! பள்ளிக்கூடத்துல வாத்தியார் மெச்சின மாதிரி நெஞ்சு நிமிந்துச்சு. இதை எந்தப் படத்துல காட்டுவாங்க, இதுக்கு எந்த நடிகன் கிடைப்பான்…

"அண்ணே, எப்படி? புல்லரிக்குதா இல்லையா?" டைரக்டர் ஜிபெக் குனிஞ்சு கேக்குறா, சின்ன வயசுதான், நல்ல பொண்ணு, ஒரு நாளைக்கு நாப்பது தடவை அண்ணேன்னு கூப்பிடுவா.

"நான் கத்தலைம்மா."

"தெரியும்ணே. ஆனா கத்தலைன்னா ஜனம் எப்படி உங்களை நிரபராதின்னு நம்பும்?"

மாவு மூட்டைப் பக்கத்துலேருந்து மைராம் சிரிச்சா, சிரிப்பா அது, "டேப்புல இவன் எங்க கத்தினான்? மாடு கறக்குற மாதிரி நிதானமா பண்ணான். சினிமாக்காரங்க இவனுக்கு முதுகெலும்பு வாடகைக்கு எடுத்துக் கொடுத்திருக்கீங்க போல."

அஸ்ரத்துக்கு முகம் சுருங்கிப்போச்சு, "எனக்கும் இது ஒட்டவே மாட்டேங்குது அக்கா," ன்னு ஜிபெக்கைப் பாத்தான், அப்புறம் சாகின் பக்கம் திரும்பி, "அண்ணே, கோச்சுக்காதீங்க, ஒரே ஒரு தடவை நீங்க பண்ணிக் காட்டுறீங்களா? பாத்துப் பிடிச்சுக்கிறேன்." எல்லாரும் சாகினைப் பாக்குறாங்க, மைராமும் பாக்குறா, கட்டின கை அவுந்து தொங்குது. முடியாதுன்னு சொல்லலாம், சொல்லியிருக்கணும், ஆனா செஞ்சு காட்டுன்னு யாராவது சொன்னா எழுந்திருக்கத்தானே பழகியிருக்கான், எழுந்துட்டான், குல்லா கீழ விழுந்துச்சு, எடுக்கலை. ஜிபெக் கேமராக்காரனுக்குக் கண்ணைக் காட்டினது அவனுக்குத் தெரியாது.

கம்பி லேசா இருந்துச்சு, உள்ள கம்பிவடம் வெச்ச ரப்பர், கை அதைப் பிடிச்ச உடனே பிடி தன்னால சரியாச்சு, கட்டைவிரல் மேல, கால் அரை அடி முன்னால, இருபது வருஷம் ஆச்சு, உடம்பு ஒண்ணையும் மறக்கலையே… முதல் அடி, இடது காதுக்கு மேல. பொத்துன்னு சத்தம். ரெண்டாவது, கதவுப் பக்கம் திரும்பினவளுக்கு, பிடரியில. மூணாவது விழுந்த பிறகு, நெத்திப்பொட்டுல, மேலேருந்து. அவ்வளவுதான், டாக்டர் தாள்ல மூணுதான், முடிஞ்சுது, கம்பியைக் கீழ வெச்சுட்டு நகரணும், ஏன் நகரலை, கை ஏன் திரும்ப மேல போகுது… நாலாவது அடி விழுந்துச்சு. அது யாரும் சொல்லிக் கொடுக்காத அடி. பொம்மைத் தலையில இருந்த துண்டு அவுந்து போச்சு, அந்த வெள்ளைத் துணி மூஞ்சியில முட்டை மெல்லுற வாய் தெரிஞ்சுச்சு, உதட்டோரம் மஞ்சக் கரு, அடிச்சான், தர்பூசணிக்காரன், அடிச்சான், தீர்ப்பு வாசிக்கிறப்ப கடிகாரத்தைப் பாத்தாரே அந்த நீதிபதி, அடிச்சான், சிகரெட் இருக்கான்னவன், ரப்பர் கிழிஞ்சு உள்ள இருந்த வடம் சவுக்கு மாதிரி வீசுது, பஞ்சு பறக்குது, அப்புறம் கொட்டகையில சிகரெட்டை வாங்கிக்கிட்டு இளிச்சானே ஒருத்தன், நெஞ்சை நிமித்தினானே ஒருத்தன், அவன் மூஞ்சி, அவனைக் கம்பியால அடிச்சாப் பத்தாது, கம்பியை எறிஞ்சுட்டு முட்டி போட்டு முஷ்டியால குத்துறான், தலை பிஞ்சு தனியா உருண்டுடுச்சு, இப்போ சிமெண்டுத் தரையைத்தான் குத்துறான், விரல் முட்டியில தோல் உரிஞ்சு எலும்பு வெள்ளையா தெரியுது, பின்னாலேருந்து அஸ்ரத் கட்டிப்பிடிச்சு இழுத்தான், முழங்கை போய் அவன் வாயில இறங்குச்சு, போஸ்டர்ல சிரிக்கிற பல்லு ஒண்ணு மாவுத்தூள்ல போய் விழுந்துச்சு. நாலு போலீஸ் வேஷக்காரங்களும் செவுத்தோட ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க, பிடிக்க வர்றதுக்கு ஒருத்தனுக்கும் துணிச்சல் இல்லை.

கையை நிறுத்திட்டு சாகின் தரையிலேயே உக்காந்துட்டான். இனிச்சுது. அதைத்தான் அவனால தாங்க முடியலை, கை எரியுது, ஆனா நெஞ்சுக்குள்ள என்னமோ தேன் ஊத்தின மாதிரி இனிச்சுது. ஜிபெக் கண்ணுல தண்ணி, கையைத் தட்டுறா, "எடுத்துட்டோம்ணே, பூரா எடுத்துட்டோம், ஜனம் எழுந்து நிக்கும்ணே…" வாயைப் பொத்திக்கிட்டிருந்த அஸ்ரத் ரத்தத்தோட, "என் பல்லையும் எடுத்தீங்களா?"ன்னான். போச்சு, எல்லாம் போச்சுன்னு சாகின் தரையைப் பாத்துக்கிட்டே இருந்தான், இதைப் பாத்த பிறகு அந்தப் பொண்ணு என்ன சொல்லும், கொலைகாரன்னுதான் சொல்லும், பேசாம வீட்டுல உக்காந்திருக்கக் கூடாதா…

மைராமோட செருப்பு அவன் கண்ணு முன்னால வந்து நின்னுச்சு.

"நீ இல்லை," ன்னா.

நிமிந்து பாத்தான். அவ முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்துச்சு. "அந்த டேப்புல உன் உதடு அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு. ஏதோ துவா ஓதிக்கிட்டே எங்கம்மாவை அடிக்கிறியேன்னு அதுக்குத்தான் உன்னை இத்தனை வருஷம் அதிகமா வெறுத்தேன். இப்போ முதல் மூணு அடிக்கும் அதே மாதிரி அசைஞ்சுச்சு. நீ எண்ணுறே. ஒண்ணு, ரெண்டு, மூணு… பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. அதுக்கப்புறம் எண்ணலை." பிஞ்சு கிடந்த பொம்மைத் தலையைப் பாத்தா. "நிஜமா அடிக்கிறவன் எண்ண மாட்டான். இப்போதான் தெரியுது. எங்கம்மாவை நீ கொல்லலை. எவன் கேட்டாலும் சொல்றேன், கடைவீதியில நின்னு சொல்றேன்."

இருபது வருஷமா கேக்கக் காத்திருந்த வார்த்தை, இவ்வளவு பேர் முன்னால, சத்தமா. நன்றி சொல்லணும்னு எழுந்தான், ரத்தக் கையை நீட்டினானோ இல்லை அது தன்னால நீண்டுச்சோ, மைராம் சட்டுனு ரெண்டு எட்டு பின்னால போனா, முதுகு மாவு மூட்டையில முட்டுற வரைக்கும். "ஆனா இனிமே என் கடைப் படி ஏறாதே," ன்னா, "தயவுசெஞ்சு." கொலைகாரன்னு நினைச்ச இத்தனை வருஷத்துல அவ திட்டியிருக்கா, காறித் துப்பியிருக்கா, ஒரு நாள்கூட அவனைப் பாத்து பயந்தது இல்லையே… வேன் ஓட்டிக்கிட்டிருந்த சாகினுக்கு இந்தக் கை இருந்துச்சா, கோழி அறுக்கக்கூடப் பக்கத்து வீட்டுக்காரனைக் கூப்பிடுவானே, அப்போ இது எப்போ வந்துச்சு, கொட்டகையில உள்ள போட்டாங்களா, இல்லை முதல்லேருந்தே உள்ள இருந்ததைத் தட்டி எழுப்பிவிட்டாங்களா… ஜிபெக் எடுத்ததைப் போட்டுக் காட்டுற சின்ன டிவியைத் திருப்பி "பாருங்கண்ணே, ஒருக்கா பாருங்க"ங்கிறா, அவன் பாக்கலை, அதுல பொம்மையோட மூஞ்சியில கடைசியா அடி வாங்கினது யாருன்னு தெரிஞ்சுடுமோன்னு பாக்கலை.

நீங்க சொல்லுங்க கண்ணுங்களா, செய்யாத ஒண்ணு உங்க மேல விழுந்து, அப்புறம் இல்லைன்னு ஆகி, அதுக்கப்புறமும் உங்க கிட்ட ஏதாவது ஒட்டிக்கிட்டுப் போகாம நிக்குதா? இருந்தா மறைக்காம எழுதுங்க, ஒவ்வொண்ணையும் உக்காந்து படிக்கிறேன்.