சுடலைமாடன் பேரில் ஒரு கொசுவம்

போன தை முகூர்த்தத்தில் மாம்பலம் முதல் மயிலாப்பூர் வரை மண்டபம் மண்டபமாகப் புடவைக் கொசுவங்கள் தாமாக அவிழ்ந்தன. எங்கும் சுருட்டு வாசனை. ரங்கநாதன் தெருவில் சண்முகவடிவு மட்டும் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணப் புடவைகளுக்கு முன்கூட்டியே கொசுவம் மடித்து, இஸ்திரி போட்டுத் தருவது அவள் தொழில். அவள் கண்டுபிடித்த மடிப்பு பந்தி முடிந்தாலும் நலுங்காது. அதைக் காப்பியடித்துப் பலர் பிழைத்தார்கள், சொந்தக் கொழுந்தன் பாலகணேஷ் உட்பட. வயிறு எரிந்து வக்கீலிடம் போனாள். மடிப்புக்கு உரிமை பதியலாம், யார் பேரில் என்று கேட்டார் வக்கீல். புருஷன் மாணிக்கவாசகம் பேரில் என்றால் தம்பிக்குத் தாரை வார்த்துவிடுவார். தன் பேரில் என்றால் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். திருநெல்வேலிக் கடைக்காரர்கள் சாமியைத் தொழிலில் பங்குதாரராகச் சேர்ப்பது வழக்கம்தான். இவள் முழு உரிமையையும் குலசாமி சுடலைமாடன் பேரிலேயே எழுதினாள். "அவர எவன் ஏமாத்துவான்?" என்றாள். அதன்பிறகுதான் அடுத்தவர் மடித்த கொசுவமெல்லாம், சாமிக்குப் படைக்கும் சுருட்டின் வாசனையோடு அவிழத் தொடங்கியது.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. அந்த நேரம் பார்த்து, அவள் வாடகைக்கு இருந்த கடையை விற்கப்போவதாகக் கட்டடச் சொந்தக்காரர் சொன்னார். பாலகணேஷ் முந்திக்கொண்டு விலை பேசினான். கடை கைவிட்டுப் போனால் கொழுந்தனுக்கு வாடகை கொடுத்துக் கும்பிட வேண்டும் என்பதே அவளுக்குத் தூக்கம் கெடுத்தது. அறிவும் சொத்துதான், மடிப்புரிமையை அடகு வைத்தால் கடையை வாங்கக் கடன் தருகிறோம் என்று ஒரு நிதி நிறுவனத்திலிருந்து அனிருத் வந்தான்.

"உரிமையாளர் கையெழுத்து வேணும் மேடம்."

"சாமிக்குப் பதிலா நானே போடுறேன்."

அனிருத்தைச் சந்தேகமாகப் பார்த்தாள். அவன் பேனாவையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருஷனைத் தள்ளி நிற்கச் சொன்னாள். போட்டாள். சுருட்டு வாசனை வந்தது. அனிருத் சட்டையை முகர்ந்தாள், அவனில்லை. அலமாரியில் மறுநாள் கல்யாணத்துக்கு அடுக்கியிருந்த அவளுடைய புடவைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து தரையில் சரிந்தன.

"எங்களையெல்லாம் சந்தேகப்பட்ட, சரி," என்றார் மாணிக்கவாசகம். "அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கலையே," என்று உட்கார்ந்து அழுதாள். கடன் பத்திரத்தைக் கிழித்தாள். கடை பாலகணேஷுக்குப் போனது.

இப்போது அவனுக்குத்தான் வாடகை கொடுக்கிறாள். காலையில் சுருட்டு கொளுத்தி வைத்து, "மடிக்கட்டுமா?" என்று கேட்கிறாள். புகை மேஜைப் பக்கம் சாய்ந்தால் வேலை. சாயாவிட்டால், முகூர்த்த நாளானாலும் ஷட்டர் இறங்கிவிடும். வாடிக்கையாளர்கள் கிளம்புமுன் போன் போடுகிறார்கள்.

"முதலாளி சரின்னுட்டாரா?"

"இன்னும் இல்ல," என்கிறாள் சண்முகவடிவு. "சாயங்காலமா கூப்பிடுங்க."