பதினோராவது கேள்வி

பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் படிவத்தில் பத்தாவது கேள்வி வரைக்கும் பெர்சிஸ் நல்ல பிள்ளையாகத்தான் எழுதிக்கொண்டு வந்தாள். ஆய்வுத் தலைப்பு: பஹ்ரைன் படகுகளில் தமிழ் மீனவர்கள். புறப்படும் நாள்: வரும் திங்கள். பதினொன்றில் பேனா நின்றுவிட்டது. 'உங்கள் முந்தைய ஆய்வால் யாருக்கேனும் தீங்கு நேர்ந்ததா? ஆம் / இல்லை.'

"இல்லைன்னு போட்டுட்டுக் குடும்மா," என்றார் எதிரே இருந்த அருமைநாயகம் சார். அவளுடைய ஆய்வு வழிகாட்டி. பாளையங்கோட்டையில் இருபது வருடமாக மாணவர்களைக் கரையேற்றிவிடுகிறவர். "எல்லாரும் அப்படித்தான் எழுதுதாங்க. நெறிமுறைக் குழு நாலு மணிக்குக் கூடுது."

எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்களாம்! ஊர் ஊராகப் போய் அடுத்தவர் வயிற்றெரிச்சலை நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறவர்களில் ஒருத்தர்கூடவா யாரையும் கெடுக்கவில்லை? பெர்சிஸுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரத்தில் பாதி தன்மேலேயே.

போன வருடம், ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் இன்னாசியைப் பார்த்தாள். பஹ்ரைன் படகிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். முதலாளி எல்லார் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்திருப்பதையும், எல்லை தாண்டி வலை போடச் சொல்வதையும் மனம் விட்டுச் சொன்னார். "பேரு மட்டும் வெளிய வரப்படாதும்மா," என்றார். பெர்சிஸ் வாக்குக் கொடுத்தாள். தன் புத்திக்கு எட்டிய மட்டும் காப்பாற்றவும் செய்தாள். கட்டுரையில் இன்னாசி என்ற பெயரை எடுத்துவிட்டு, கூட்டாளிகள் அவரைக் கூப்பிடும் பட்டப்பெயரைப் போட்டாள்: முரல். ஆள் முரல் மீன் மாதிரி நெடுநெடுவென்று இருப்பார்.

வாத்தியார் வீட்டில் பிறந்து, பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருப்பதுதான் பெயர் என்று வளர்ந்தவள் வேறென்ன செய்வாள்? அந்த ஊரில் இன்னாசிகள் முப்பது பேர். முரல் ஒருவர்தான். கட்டுரை வாட்ஸ்அப்பில் சுற்றி, ஒரே வாரத்தில் விசா ஏஜெண்டிடம் போய், அவன் மூலம் முதலாளிக்கும் எட்டிவிட்டது. இனி வேலைக்கு வர வேண்டாம் என்று இன்னாசிக்குச் செய்தி வந்தது.

அவர் மனைவி கிரேஸி போனில் கத்தவில்லை. "ஞானஸ்நானப் பேரப் போட்டிருந்தா சாமியாருக்கே ஆளு தெரிஞ்சிருக்காது. பட்டப்பேரப் போட்டுட்டியளே," என்று மட்டும் சொன்னாள். கத்தியிருந்தால் தேவலை.

பெர்சிஸ் 'ஆம்' என்பதை அழுத்தி வட்டமிட்டாள்.

எட்டிப் பார்த்த சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னம்மா செஞ்ச? இதப் பாத்தா பயணத்தையே நிறுத்திருவாங்க. மூணு வருச உழைப்பு!"

"நிறுத்தட்டும் சார். இங்க பொய் எழுதிட்டு, அங்க போயி நாப்பது மீனவங்ககிட்ட என்னைய நம்புங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக் கேப்பேன்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனிதர் இல்லை. அவளை எப்படியாவது விமானம் ஏற்றிவிட வேண்டும் என்ற கவலை அவருக்கு. "சரி, அப்ப கீழ உள்ள கட்டத்தையாவது நிரப்பு. பாதிக்கப்பட்டவர் பேரு, ஊரு, போன் நம்பர். அது இருந்தா குழு கொஞ்சம் சமாதானமாகும்."

"மாட்டேன் சார். ஒரு தடவ எழுதித்தான் அந்த மனுசன் பொழப்பு போச்சு. என்னையக் காப்பாத்திக்கிட மறுபடியும் அவரை எழுதணுமா?"

"காலியா விட்டா ஃபாரத்தையே வாங்க மாட்டாங்கம்மா."

"காலியா விடல."

கட்டத்தின் மேலே அச்சிட்டிருந்த 'பாதிக்கப்பட்டவர்' என்பதை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் 'தீங்கு செய்தவர்' என்று எழுதினாள். அதன் கீழே தன் முழுப்பெயர், பாளையங்கோட்டை முகவரி, தன் போன் நம்பர்.

"நாலு மணிக்கு நானே கொண்டுபோய்க் குடுக்கேன் சார்," என்று எழுந்தாள். "கேக்க வேண்டியத எங்கிட்ட கேக்கட்டும்."