மூன்றாம் வீட்டு எண்பத்தெட்டு

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குத் தில்லைநாயகியின் தெருவிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். தெரு இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் அதிசயப்படவில்லை.

தெருவில் பத்து வீடு. பூஜ்யத்தில் ஆரம்பித்து ஒன்பதில் முடியும். வாசலில் இருப்பது வீட்டு இலக்கம். கூடத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும் எண்தான் வீட்டுக்காரர். மற்றதெல்லாம் சட்டை துணிமணி. மூன்றாம் வீட்டுத் தில்லைநாயகி எண்பத்தெட்டு. முப்பத்தாறு வருஷமாக அந்த எண்ணை ஒரு கோடு கலையாமல் காப்பாற்றி வந்தாள். வெள்ளையடிக்க வந்த எழுபது பேரைத் துரத்தியிருக்கிறாள்.

வெட்ட வந்தவர் வரிசைகள் அலுவலகத்து அதிகாரி பரமானந்தம். கையில் தையல்காரர் கத்தரிக்கோல்.

"இரண்டாம் வீட்டிலேருந்து ஐந்து வரைக்கும்," என்றார். "ஒரு சோதனை. எல்லா எண்ணையும் பூஜ்யமாக்கிப் பார்க்கப் போறோம்."

"எங்களையா?"

"சேச்சே. நகலைத்தான். வெட்டி எடுத்தா அது தனிம்மா. உங்களுக்கு எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது."

ஐந்தாம் வீட்டு மாசிலாமணி இஸ்திரி போட்ட சட்டையும் பெட்டியுமாகத் தயாராக நின்றார்.

"நீங்க வர முடியாது," என்றார் அதிகாரி.

"ஐந்து வரைன்னு சொன்னீங்களே சார்."

"ஐந்து வரைன்னா நாலோட நிறுத்தம். உலகத்துக்கே தெரியும்."

மாசிலாமணிக்கு அவமானமாகப் போய்விட்டது. பெட்டியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டாம் வீட்டுச் செல்லக்கண்ணு பூஜ்யமானார். சுவரில் இருந்த எழுபத்தொன்று தானாக அழிந்து ஒரு வட்டம் வந்தது. அவருடைய செருப்பு மட்டும் கடைவீதி வரை போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தது.

தில்லைநாயகிக்குப் புரிந்துவிட்டது. அந்தத் துண்டு நகல் இல்லை. இதே தெருவைப் பார்க்கும் இன்னொரு ஜன்னல். அங்கே அழித்தால் இங்கே அழியும். அடுத்தது அவள். சேலைகூட மாற்றாமல் கிளம்பினாள்.

வரிசைகள் அலுவலகத்து நடை அவள் நடக்க நடக்க நீண்டது. வழியில் இரண்டு மாவட்டங்கள் வந்தன. ஒன்றில் மழை. அவள் ஒதுங்கவில்லை.

அதிகாரியின் மேஜையில் தெருத் துண்டு கிடந்தது. ஒரு முழம். மூன்றாம் வீட்டுக் கூடத்தில் அவளுடைய எண்பத்தெட்டு, கடுகளவில். அவர் ரப்பரை எடுத்திருந்தார்.

"நிறுத்துங்க சார். அது நான்."

"நீங்க இங்கதானே நிக்கறீங்க?"

"செல்லக்கண்ணு அண்ணன் பூஜ்யமாயிட்டார்."

"அது தற்செயல்மா."

"நிஜமா ஒரு நகல் எடுங்க. அதுல என்ன வேணா பண்ணிக்குங்க."

"அதுக்குத் தனி இடம் வேணும். விண்ணப்பம் வேணும். நடையோட கடைசியில தருவாங்க."

"நடைக்குக் கடைசி இருக்கா?"

"கட்டிட்டிருக்காங்க."

அவர் முதல் எட்டை அழித்தார். தில்லைநாயகியின் இடது பாதி லேசாகிவிட்டது. இடது காதில் உலகமே இல்லை. வலது கையால் போனை எடுத்தாள்.

"மாசிலாமணி தம்பி, என் வீட்டுக்கு ஓடுங்க. சுவத்துல எட்டுக்கு முன்னாடி இன்னொரு எட்டு போடுங்க."

"நான்தான் கணக்குலயே இல்லையேக்கா."

"அதனாலதான் உங்களைக் கூப்பிடறேன். இந்த ஆளோட ரப்பர் உங்களைத் தொடாது."

போனில் பெட்டியைக் கீழே போடும் சத்தம். பிறகு ஓடும் சத்தம்.

மேஜையில் எட்டு திரும்பி வந்தது. அதிகாரி அழித்தார். வந்தது. அழித்தார். இந்த முறை தடிமனாக வந்தது. தில்லைநாயகியின் இடது பாதியில் கனம் ஏறியது. முன்பைவிட இரண்டு கிலோ கூடுதலாகவே. மாசிலாமணி பக்கத்து வீட்டுக்கும் ஓடியிருக்க வேண்டும்; துண்டில் எழுபத்தொன்றும் முளைத்தது. போனில் செல்லக்கண்ணுவின் குரல் கேட்டது: "எவன்டா என் செருப்பை வெளிய கூட்டிட்டுப் போனது?"

அதிகாரி பதினாலு ரப்பரைத் தேய்த்துத் தீர்த்தார். மேஜைக்கு அடியில் ரப்பர் தூள் முழங்கால் அளவு நின்றது.

"அங்க எழுதறது யாரும்மா?"

"ஐந்தாம் வீடு."

"ஐந்து துண்டுலயே இல்லையே!"

"நீங்கதானே சார் வேண்டாம்னீங்க."

நாலு மணிக்கு, விண்ணப்பம் இல்லாமலே, அவர் நிஜ நகல் எடுத்தார். பழைய துண்டைத் தில்லைநாயகி வாங்கிக்கொண்டாள். தெரு மடங்கிவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் ஏந்தினாள்.

நகல் கச்சிதமாக வந்தது; அதன் மூன்றாம் வீட்டிலிருந்து இன்னொரு தில்லைநாயகி முழு உயரத்தில் இறங்கியது. அந்த நிமிஷத்தில் தில்லைநாயகியிடம் இருந்த அத்தனையும் அதனிடம் இருந்தது, கோபம் உட்பட. நாற்காலியை இழுத்துப் போட்டு அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்தது.

"இது தனி," என்றாள் தில்லைநாயகி. "தாராளமா அழிச்சுக்குங்க."

அவள் கதவைத் தாண்டும்போது அதிகாரி பதினைந்தாவது ரப்பரைத் தூக்கினார்.

"தொட்டுப் பாருய்யா," என்று வலது கையை ஓங்கியது நகல்.

பஸ்ஸில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு தில்லைநாயகி தன் வலது உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு எரிச்சல் இல்லை. ஒரு சிவப்பு இல்லை. அங்கே என்ன நடந்திருந்தாலும் இங்கே ஒன்றும் வரவில்லை. சுத்தமான நகல்.

அதில்தான் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்.